பதினேழாம் பக்கத்து ஆனை

பக்கம் ஒன்றுக்கு எண்ணூறு ரூபா.
கோடு மட்டும் வரும், நிறம் நான் போடவேணும்.
மல்லாவிச் சந்தியில் புடவைக்கடைக்கு மேலே
ஒரு மேசை, ஒரு விசிறி,
‘எஸ்’ தேய்ந்துபோன விசைப்பலகை.
கரண்ட் சொல்லாமல் போகிற ஊரில்
மூச்சு விடுகிற மாதிரிச் சேமிக்கவேணும்.

கோட்டு லேயர் எல்லாவற்றுக்கும் மேலே.
அதன்கீழே நிழல், அதன்கீழே தட்டை நிறம்,
ஆகக் கீழே யாரும் தொடாத வெள்ளை.
வெள்ளையையும் அணைத்தால்
சாம்பலும் வெள்ளையுமாய்ச் சின்னச் சதுரங்கள்.
ஒன்றுமில்லை என்பது இங்கே
கட்டம்போட்ட சாரம் உடுத்துக்கொண்டு நிற்கிறது.

ரொறன்ரோவிலிருந்து றமணேஸ் அனுப்பிய
பிள்ளைகள் புத்தகம்.
இருபத்துநாலு பக்கம்.
பதினேழில் ஆனை.
குறிப்பும் கூடவே வந்தது:
வானம் நீலம், வயல் பச்சை, ஆனை சாம்பல்.

வாளியை எடுத்து வயிற்றில் ஒரு சொடுக்கு.

ஊர் முழுக்க ஆனை.
வானம் ஆனை, வயல் ஆனை,
பாலை மரத்தின் கொப்புகளுக்கு இடையில்
துண்டு துண்டாய் ஆனை.
சைக்கிள் ஓடும் பிள்ளை மட்டும்
தன் கோட்டைச் சரியாய் மூடியிருந்ததால்
வெள்ளையாய்த் தப்பினாள்.

எங்கோ கோடு வாய் பிளந்திருக்கிறது.
எண்ணூறு விழுக்காட்டுக்குப் பெருப்பித்து
தும்பிக்கை நுனியிலிருந்து நடக்கத் தொடங்கினேன்.
நெற்றி, முதுகு, பின்புறத்து மேடு.
சகிப்பு என்று ஒரு அளவு இருக்கிறது, முப்பத்திரண்டு.
குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன்.
ஓட்டைக்கு என் சகிப்போடு ஒரு சோலியும் இல்லை.

வாலடியில் இருந்தது.
இரண்டு புள்ளி அகலம்.
கீறினவர் அந்த இடத்தில் பேனையைத் தூக்கி
தேத்தண்ணி ஒரு மிடறு குடித்திருப்பார்.

அந்நேரம் நிரோசன் எடுத்தான், வயல் கொட்டிலில் இருந்து.
“அக்கா, வேலிக்கம்பி ஒரு இடத்திலை அறுந்து கிடந்திருக்கு.
அதாலை வந்திட்டுது.”
“எத்தினை?”
“ஒண்டுதான். தனியன். மூண்டு வெடி போட்டாச்சு,
திரும்பிப் பாக்குது, போகுதில்லை.”

நெல் பால் பிடிக்கிற மாதம்.
எனக்கு அது தெரியும்.
தெரிந்துகொண்டும் கேட்டேன்:
“என்ன நிறம்?”
கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது.
“உனக்கென்ன விசரே?”

கோட்டை மூடினேன். சாம்பலை ஊற்றினேன்.
ஒழுகாமல் உள்ளேயே நின்றது.
பார்க்கச் சீமெந்துபோல இருந்தது.

ஒரு மணி தாண்டி மறுபடி எடுத்தான்.
“போட்டுது. அரை ஏக்கர் துப்புரவா முடிஞ்சுது.”
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன்தான், கேளாமலே:
“டோர்ச் அடிச்சுப் பாத்தனான். செங்கல் நிறம்.
குளத்துச் சேறு முதுகிலை காய்ஞ்சு வெடிச்சிருந்தது.
காதுக்குப் பின்னாலை ஈரம், அது கறுப்பு.
வயித்திலை எங்கடை நெல்லு,
பச்சையா, இழுத்துப் பூசின மாதிரி.
சாம்பல் ஆனை ஒண்டையும் நான் இஞ்சை காணேல்லை.”

யன்னல் அடிபடாமல் முட்டுக்கொடுத்த செங்கல்லை
மேசைக்கு எடுத்து வந்தேன்.
புதிய லேயர், பெயர்: நிரோசன்.
முதுகுக்குச் செங்கல்லின் வெயில்பட்ட பக்கம்,
காதடிக்கு அடிப்பக்கம்.
வயிற்றுக்கு, அதே பக்கத்து வயலிலிருந்தே
பச்சையைத் தொட்டெடுத்தேன்.
சாம்பலின் கண்ணை மூடினேன்.

விடியச் செய்தி வந்திருந்தது.
“ஆனை ஏன் இப்பிடி ஊத்தையாக் கிடக்கு?
பிள்ளையள் பயப்பிடப் போகுதுகள்.”

நீளமாய் எழுதினேன், அழித்தேன்.
மண்ணைப் பற்றி எழுதினேன், அதையும்.
கடைசியில் அனுப்பியது:

மேல் லேயரின் கண்ணை மூடிக்
கீழே உள்ளதைத் திறந்தால் சாம்பல் வரும்.
விருப்பமெண்டால் அதையே அச்சடியுங்கோ.
மேலே இருக்கிறதை அழிக்க மட்டும் வேண்டாம்.
அது அரை ஏக்கர்.